பாட்டி சொல்வது ஒன்று, பள்ளி சொல்வது ஒன்று: என் மகள் எதை நம்புவாள்?

பெயர், ஊர், வேலை என்று அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஆலோசனை கேட்டு எனக்கு வந்த ஒரு கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

எழுதியிருப்பவர் 7 வயதுப் பெண் குழந்தையின் அம்மா. கணவர், மனைவி இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். பள்ளி விட்டு வந்ததிலிருந்து இரவு வரை மகள் இருப்பது பாட்டியோடு, அதாவது இவருடைய மாமியாரோடு. பத்து மாதங்களுக்கு முன் மாமனார் இறந்துவிட்டார். அன்றிலிருந்து பாட்டி பேத்தியிடம், "தாத்தா மேலேயிருந்து உன்னைப் பாத்துக்கிட்டே இருக்கார், நீ பொய் சொன்னா அவருக்குத் தெரிஞ்சிடும்" என்று சொல்லிவருகிறார். பள்ளியில் உடலைப் பற்றிய பாடத்தில், இதயம் நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். குழந்தை இரண்டையும் வீட்டில் வந்து ஒரே மூச்சில் சொல்கிறாள், அவளுக்கு அதில் எந்தச் சங்கடமும் இருப்பதாகத் தெரியவில்லை. அம்மாவுக்குத்தான் சங்கடம்.

அதோடு, சில மாதங்களாக மகள் தனியாகத் தூங்க மறுக்கிறாள், விளக்கை அணைக்க விடுவதில்லை. வகுப்பில் கை தூக்குவதில்லை, ஒரு கேள்வி கேட்பதில்லை என்று ஆசிரியர் சொல்கிறார். "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே, பொண்ணு அடக்கமா இருக்கணும்" என்று பாட்டி பழக்கியதுதான் இதற்குக் காரணம் என்று அம்மா நினைக்கிறார். கணவரிடம் பேசினால், "எங்கம்மா என்னையும் இப்படித்தான் வளத்தாங்க, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று முடித்துவிடுகிறார்.

"குழந்தை வெள்ளைத் தாள் மாதிரி, முதலில் எழுதியது அழியாது என்கிறார்கள். மூடநம்பிக்கை பதிந்துவிட்டால் அறிவியல் எப்படி ஏறும்?" என்று கேட்கிறார். பாட்டி சொல்வது பொய் என்று மகளிடம் நேரடியாகச் சொல்லிவிடலாமா, மாமியாரைக் கணவரின் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா, கேள்வி கேட்க ஊக்குவிக்கிற வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்று மூன்று வழிகளை எழுதி, "ஒரு தாயாக எனக்கு இதில் என்ன உரிமை இருக்கிறது?" என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். மகளைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள் என்பதே எனக்கு நிம்மதி தந்தது. போகிறபோக்கில் நீங்கள் எழுதிவிட்டுப்போன சில வரிகள்தான் எனக்கு முக்கியமாகப் பட்டன, அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: தாத்தா மேலே இருக்கிறார் என்ற நம்பிக்கையால் உங்கள் மகளின் படிப்புக்கு ஒரு கெடுதலும் வராது. பயம் வந்தால் கெடுதல் வரும், கேட்கக் கூடாது என்று வாயடைத்தால் கெடுதல் வரும். இந்த இரண்டையும் நம்பிக்கையோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். அதைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் மூன்று வழிகளில் எதுவுமே தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

வெள்ளைத் தாள் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்

குழந்தைகள் சொன்னதை அப்படியே பதித்துக்கொள்வதில்லை, கேட்டதையும் பார்த்ததையும் சேர்த்து தாங்களே ஒன்றைக் கட்டுகிறார்கள். ஸ்டெல்லா வோஸ்னியாடு, வில்லியம் புரூவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1992-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பூமி எப்படி இருக்கும் என்று அமெரிக்கத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். பூமி உருண்டை என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துத்தான் இருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரிவது தட்டையான தரை. அதனால் சில பிள்ளைகள் உள்ளே குடைந்த உருண்டை ஒன்றைக் கற்பனை செய்து, மனிதர்கள் அதற்குள்ளே ஒரு தட்டைத் தரையில் நிற்பதாகச் சொன்னார்கள். வேறு சிலர் வானத்தில் ஓர் உருண்டைப் பூமி, காலடியில் ஒரு தட்டைப் பூமி என்று இரண்டாக வைத்துக்கொண்டார்கள். இதில் எதையும் யாரும் அவர்களுக்குக் கற்பித்ததில்லை. கேட்டதற்கும் கண்டதற்கும் இடையே சமாதானம் தேடி அவர்களே செய்துகொண்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. செய்துகாட்டினால் குழந்தைகள் அநியாயத்துக்கு நம்புவார்கள். விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் இருவரும் 2005-ல் வெளியிட்ட சோதனை அது. ஒரு பெட்டிக்குள் பரிசு, அதை எடுக்கத் தேவையே இல்லாத சில தட்டல்களையும் குத்தல்களையும் சேர்த்துச் செய்துகாட்டுகிறார்கள். பெட்டி கண்ணாடி போல உள்ளே தெரிகிறதாக இருந்தால், சிம்பன்சிகள் அந்த வீண் வேலைகளை விட்டுவிட்டு நேரே பரிசை எடுத்தன. 3, 4 வயது மனிதக் குழந்தைகளோ எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டுத்தான் எடுத்தார்கள். ஆஸ்திரேலிய நகரத்துப் பிள்ளைகளிடமும் கலஹாரிப் பாலைவனத்து வேட்டைச் சமூகத்துப் பிள்ளைகளிடமும் மார்க் நீல்சன் குழு இதைப் பார்த்தபோதும் அப்படித்தான். இதை முட்டாள்தனம் என்று நினைக்காதீர்கள். பெரியவர் ஒன்றைச் செய்கிறார் என்றால் எனக்குப் புரியாத ஏதோ காரணம் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிற குணம் இருப்பதால்தான், ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்ததை ஒரு குழந்தை சில வருடங்களில் பெற்றுக்கொள்ள முடிகிறது. மொழியும் வருவது அந்த வழியில்தான், தையலும் வருவது அந்த வழியில்தான். மூடநம்பிக்கையும் அதே வழியில்தான் வருகிறது, அதை மறுக்கவில்லை.

ஒரே மனதில் இரண்டு விளக்கங்கள்

இப்போது உங்கள் பெரிய பயத்துக்கு வருகிறேன். பாட்டி சொன்னதும் ஆசிரியர் சொன்னதும் மோதிக்கொள்ளும், ஒன்று ஜெயித்தால் மற்றது செத்துவிடும் என்று நினைக்கிறீர்கள். அப்படி நடப்பதில்லை.

ரீட்டா அஸ்டூட்டி என்ற மானுடவியலாளரும் பால் ஹாரிஸ் என்ற உளவியலாளரும் மடகாஸ்கர் தீவில் ஒரு கிராமத்து மக்களிடம் செய்த ஆய்வு 2008-ல் வந்தது. இறந்த முன்னோர் கூடவே இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை அங்கே அன்றாட வாழ்க்கையோடு கலந்தது. அந்தச் சூழலில் வளரும் பிள்ளைகளுக்கு மரணம் என்றால் என்ன என்றே தெரியாது என்றுதானே தோன்றும்? 5 வயதுப் பிள்ளைகளுக்குத் தெளிவு இல்லை, உண்மைதான். ஆனால் உங்கள் மகளின் வயதான 7 வயதில், செத்தால் உடம்பும் நின்றுவிடும், நினைப்பும் நின்றுவிடும் என்று பிள்ளைகள் தெளிவாகச் சொன்னார்கள். முன்னோருக்கு இன்னும் நினைவு இருக்கிறது, தெரிகிறது என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வளர்கிறது, பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடம்தான் அது அதிகம். இன்னொரு விஷயம்: ஒரு பிணத்தைப் பற்றிய கதையாகச் சொல்லிக் கேட்டால் உடல் சார்ந்த பதில் அதிகம் வந்தது, முன்னோர் சடங்கு பற்றிய கதையாகச் சொல்லிக் கேட்டால் மனம் தொடர்கிறது என்ற பதில் அதிகம் வந்தது. அதாவது அவர்களிடம் இரண்டு புரிதல்களும் இருக்கின்றன. இடத்தைப் பார்த்து ஒன்று முன்னால் வருகிறது.

நோய் விஷயத்திலும் இதே கதைதான். தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்டின் லெகார், சூசன் கெல்மன் இருவரும் எய்ட்ஸ் எதனால் வருகிறது என்று கேட்டபோது, கிருமியால் வருகிறது என்பதைச் சிறியவர்களும் பெரியவர்களும் நன்றாக அறிந்திருந்தார்கள், அதோடு சூனியம் என்றும் சொன்னார்கள். சூனியம் என்று அதிகம் சொன்னது குழந்தைகள் அல்ல, பெரியவர்கள். படித்தால் நம்பிக்கை போய்விடும், வயதானால் போய்விடும் என்ற கணக்கு நாம் நினைப்பது போல் வேலை செய்வதில்லை. நம்பிக்கை இருந்தால் அறிவியல் ஏறாது என்பதும் அப்படியே பொய்த்துப்போகிறது.

இன்னும் பழைய உதாரணம் ஒன்று உண்டு. குழந்தைகள் இயல்பிலேயே எல்லாப் பொருளுக்கும் உயிர் இருப்பதாக நினைப்பார்கள் என்று பலர் நம்பிய காலத்தில், மானுடவியலாளர் மார்கரெட் மீட் 1928-29-ல் பசிபிக் தீவுக்கூட்டம் ஒன்றில் மானுஸ் மக்களிடையே தங்கிப் பார்த்தார். அங்கே பெரியவர்கள் ஆவிகளோடு வாழ்ந்தார்கள், சிறுபிள்ளைகளோ விஷயங்களுக்கு நேரடியான, பொருள் சார்ந்த காரணங்களைத்தான் சொன்னார்கள். ஆக, ஆவி நம்பிக்கை பிறவியிலேயே வருவது என்று சொல்லிவிட முடியாது, வளர வளரச் சமூகம் தருவது அது.

ஆகவே உங்கள் மகள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது குழப்பம் அல்ல. பாட்டியிடமிருந்து வந்தது இது, பள்ளியிலிருந்து வந்தது இது என்று அவள் வைத்திருக்கிறாள். யார் எதில் சரியாகச் சொல்கிறார்கள் என்று 4 வயதுக் குழந்தைகூட கணக்கு வைத்துக்கொள்கிறது. பொருட்களுக்குத் தப்பான பெயர் சொன்னவரை விட்டுவிட்டுச் சரியாகச் சொன்னவரிடம் அடுத்த கேள்வியைக் கேட்கிறது என்று பல சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்.

அதனால்தான் "பாட்டி பொய் சொல்றாங்க" என்று சொல்ல வேண்டாம் என்கிறேன். அப்படிச் சொன்னால் பாட்டியின் நம்பிக்கை போகாது. வெளியே கேட்டதை அம்மாவிடம் சொன்னால் யாரோ ஒருவர் திட்டு வாங்குவார் என்பதை மட்டும் அவள் கற்றுக்கொள்வாள், பிறகு சொல்வதையே நிறுத்திவிடுவாள். இன்று அவள் உங்களிடம் இரண்டையும் கொண்டுவருகிறாள் பாருங்கள், அந்த வழி அடைபடக் கூடாது. 13 வயதில் அவளுக்கும் உங்களுக்கும் அது ரொம்பத் தேவைப்படும்.

தூக்கம் வராததற்குக் காரணம் பாட்டிதானா?

இதைக் கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடிதத்தின் நடுவில், மாமனார் இறந்த அன்று மகளிடம் "தாத்தா தூங்கிட்டார், இனிமே எழுந்திரிக்க மாட்டார்" என்று நீங்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அன்று வீடு இருந்த நிலையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஒரு குழந்தையின் காதில் அது எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். தூங்கினால் எழுந்திரிக்காமல் போகலாம். குழந்தைகளிடம் மரணத்தைத் தூக்கம் என்று சொல்லாதீர்கள் என்று குழந்தைகள் மனநலத் துறையில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். விளக்கை அணைக்க விடாததற்கு இதுதான் காரணம் என்று நான் கடிதத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் முதலில் இதைத்தான் கேட்டுப் பார்ப்பேன். "தூங்கும்போது என்ன ஆகும்னு பயமா இருக்கு?" என்று சாதாரணமாக, பகல் வேளையில், விளையாடிக்கொண்டிருக்கும்போது கேளுங்கள். பதிலை நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள்.

பாட்டியின் பங்கும் இருக்கலாம். "தாத்தா பார்க்கிறார்" என்பதில் இரண்டு வாக்கியங்கள் ஒளிந்திருக்கின்றன. உன்னை நேசித்தவர் உன்னைக் கைவிடவில்லை என்பது ஒன்று, நீ தப்பு செய்தால் மாட்டிக்கொள்வாய் என்பது இன்னொன்று. இரண்டாவது வேலை செய்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2011-ல் வெளிவந்த ஒரு சோதனையில், காலியான நாற்காலியில் கண்ணுக்குத் தெரியாத இளவரசி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு விளையாட்டில் தனியே விட்டார்கள். அவள் இருப்பதாக நம்பிய பிள்ளைகள் குறைவாகத்தான் ஏமாற்றினார்கள், நிஜ ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தால் எப்படியோ கிட்டத்தட்ட அப்படி. பல சமூகங்கள் பிள்ளைகளைக் கட்டுக்குள் வைக்க இந்த மாதிரிக் கண்களைப் பயன்படுத்தியிருக்கின்றன, உங்கள் மாமியார் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஆனால் பகலில் பொய் சொல்லவிடாமல் தடுக்கிற அந்தக் கண் இரவிலும் மூடுவதில்லை. 7 வயதுக் குழந்தையால் அதை அணைத்துவைக்க முடியாது. அந்த இரண்டாவது வாக்கியத்தை நிறுத்தச் சொல்லுங்கள், முதலாவது இருந்துவிட்டுப் போகட்டும்.

மகளிடம் என்ன சொல்வது? நான் சொல்வதாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: "தாத்தா தூங்கல. அவரோட உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு, அதைத்தான் செத்துப்போறதுன்னு சொல்றோம். அவருக்கு இப்போ வலி கிடையாது. தூக்கம் வேற, நீ தினமும் தூங்கி எழுந்திரிக்கிறே இல்ல? பாட்டிக்குத் தாத்தாவை ரொம்பப் பிடிக்கும், அவர் மேலேயிருந்து அன்பாப் பாக்கிறார்னு பாட்டி நம்பறாங்க. எனக்கு அதைப் பத்தி அவ்வளவு உறுதியாத் தெரியாது. நீ என்ன நினைக்கிறே?" இதில் நீங்கள் உங்கள் கருத்தையும் மறைக்கவில்லை, பாட்டியையும் பொய்யராக்கவில்லை. ஒரே தடவையில் முடிகிற பேச்சு இல்லை இது, மறுபடி மறுபடி கேட்பாள், அதே பதிலைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

வகுப்பில் வாய் திறப்பதில்லை என்பது பற்றி

கேள்வி கேட்காத குழந்தைக்கு ஆர்வம் இல்லை, அறிவு மட்டு என்ற எண்ணம் பள்ளிகளில் பரவலாக இருக்கிறது. இதுவும் ஒரு பண்பாட்டின் பழக்கம்தான், எங்கும் பொருந்துகிற விதி அல்ல. பெலீஸ், கென்யா, நேபாளம், சமோவா என்று நான்கு இடங்களில் 1970-களின் இறுதியில் பதிவு செய்த 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளின் பேச்சை மேரி காவேன் குழு பின்னாளில் ஆராய்ந்தது. அது என்ன, எங்கே, யாருடையது என்று தகவல் கேட்பதில் அந்தப் பிள்ளைகள் மேற்கத்தியப் பிள்ளைகளுக்குச் சளைக்கவில்லை. ஆனால் "ஏன்?" என்ற கேள்வி மட்டும் மிகக் குறைவு. பெரியவர்களை அப்படிக் கேட்பது மரியாதை இல்லை என்ற சூழலில் குழந்தை வேறு வழியில் கற்றுக்கொள்கிறது.

எந்த வழி என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. "பாட்டி தைக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து நேரத்தை வீணாக்குகிறாள்" என்று குறையாக எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே, யாரும் சொல்லித்தராமல் ஒருநாள் தன் சட்டைக்குத் தானே பொத்தான் தைத்துவிட்டாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, அது வீண் நேரம் இல்லை! பார்பரா ரோகாஃப் என்ற ஆய்வாளர் குவாத்தமாலாவின் மாயா சமூகத்தில் பல ஆண்டுகள் இதைத்தான் ஆராய்ந்தார். அவரும் மரிசேலா கொரியா-சாவேஸும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், அண்ணனுக்கோ தங்கைக்கோ ஒரு பொம்மை செய்யக் கற்றுக்கொடுக்கும்போது இன்னொரு பிள்ளை பக்கத்தில் சும்மா காத்திருக்கும். ஒரு வாரம் கழித்து அந்தக் காத்திருந்த பிள்ளையிடம் அதே பொம்மையைச் செய்யச் சொன்னார்கள். பாரம்பரிய மாயா குடும்பத்துப் பிள்ளைகள் அமெரிக்க நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகளைவிடக் குறைந்த உதவியோடு செய்தார்கள், ஏனென்றால் தங்களுக்குச் சொல்லாததையும் அவர்கள் கவனித்திருந்தார்கள். உங்கள் மகளுக்கு அந்தக் கவனம் வந்திருக்கிறது, பாட்டியால் வந்திருக்கிறது.

பேசினால்தான் யோசிப்பதாக அர்த்தமா என்று ஹீஜங் கிம் என்ற உளவியலாளர் 2002-ல் ஒரு கேள்வி எழுப்பினார். கல்லூரி மாணவர்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே புதிர்களை விடுவிக்க வேண்டும் என்றபோது, கிழக்காசியப் பின்னணி கொண்டவர்களின் திறன் குறைந்தது, ஐரோப்பியப் பின்னணி கொண்டவர்களுக்கு அப்படி ஆகவில்லை. பேச வைப்பது எல்லோருக்கும் உதவும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இதைச் சொல்லிவிட்டு, அமைதியே போதும் என்று நான் சொல்லப்போவதில்லை. அவள் படிக்கும் பள்ளியில் கேட்பவருக்குத்தான் உதவி கிடைக்கும் என்றால், கேட்கவும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் ஒரு பழக்கம், பள்ளியில் ஒரு பழக்கம் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளக் குழந்தைகளால் முடியும், இரண்டு மொழி பேசுகிற பிள்ளைகள் நாள் முழுக்க அதைத்தானே செய்கிறார்கள். ஆசிரியரிடம் போய், அவளை எல்லோர் முன்னாலும் எழுப்பிக் கேட்காமல், முதலில் பக்கத்துப் பிள்ளையோடு பேசிவிட்டுப் பதில் சொல்லவோ எழுதித் தரவோ வாய்ப்புத் தரச் சொல்லுங்கள். வீட்டில் நீங்கள் அவள் முன்னால் சந்தேகம் கேளுங்கள், "இது ஏன் இப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியல, வா பாக்கலாம்" என்று. பார்த்துக் கற்கிற பிள்ளைக்கு நீங்கள் கேள்வி கேட்பதைப் பார்ப்பதுதான் பாடம்.

உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய இடங்கள்

எல்லா நம்பிக்கையையும் அப்படியே இருக்கவிடுங்கள் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். உடம்புக்கு முடியாதபோது மருத்துவரிடம் போகவிடாமல் தடுக்கிற நம்பிக்கை, இன்னொரு மனிதரைத் தாழ்வாகப் பார்க்கவைக்கிற நம்பிக்கை, உன்னால்தான் இது நடந்தது என்று குழந்தையின் தலையில் பழி போடுகிற நம்பிக்கை, இவற்றில் சமரசமே கூடாது. யார் சொன்னாலும் அங்கேயே, அப்போதே, மரியாதையாக ஆனால் தெளிவாக மறுத்துவிடுங்கள்.

"பொண்ணு அடக்கமா இருக்கணும்" என்பதையும் நான் இந்தப் பட்டியலில்தான் வைப்பேன். தாத்தா மேலே இருக்கிறார் என்பதைவிட இது பல மடங்கு ஆபத்து, ஏனென்றால் இது அவள் தன்னைப் பற்றி நம்புகிற விஷயம். 2017-ல் வெளிவந்த லின் பியான் குழுவின் ஆய்வில், 5 வயது அமெரிக்கச் சிறுமிகள், "ரொம்ப ரொம்பப் புத்திசாலி" யார் என்றால் சிறுவர்களைப் போலவே தங்கள் பாலினத்தையே காட்டினார்கள். 6, 7 வயதில் சிறுமிகளிடம் அது குறைந்துவிட்டது, ரொம்பப் புத்திசாலிகளுக்கான விளையாட்டு என்று சொன்னால் விலகவும் ஆரம்பித்தார்கள். உங்கள் மகள் சரியாக அந்த வயதில் நிற்கிறாள்.

இங்கே பாட்டியை மட்டும் சொல்வது நியாயமில்லை. "கணக்கில் அவள் என்னைப் போலத்தான், வராது" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதை அவள் காதுபட எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? முதலாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியைகளுக்குக் கணக்கு என்றால் பதற்றம் இருந்தால், அந்த வருட முடிவில் வகுப்புச் சிறுமிகளின் கணக்குத் தேர்ச்சி குறைந்ததையும் சிறுவர்களிடம் அப்படி இல்லாததையும் 2010-ல் சியான் பெய்லாக் குழு காட்டியது. நாள்தோறும் பக்கத்தில் இருக்கும் அம்மாவின் வாயிலிருந்து வருவதைப் பிள்ளை இன்னும் கூர்ந்து கேட்கும் என்பது என் எண்ணம். இன்றிலிருந்து அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள்.

உரிமை என்று கேட்டீர்கள்

1989-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு, சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் குழந்தைக்கே உண்டு என்கிறது. அதில் வழிகாட்டும் உரிமையும் கடமையும் பெற்றோருக்கு, அதுவும் குழந்தையின் வளர்ந்துவரும் திறனுக்கு ஏற்ற வகையில். 12-ஆம் பிரிவு தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை அவளுக்குத் தருகிறது. கல்வி என்பது பெற்றோர் மீதும் தன் பண்பாடு, மொழி, விழுமியங்கள் மீதும் மதிப்பை வளர்க்க வேண்டும் என்கிறது 29-ஆம் பிரிவு. ஆகவே சட்டப்படியும் நியாயப்படியும் வழிகாட்டும் முதல் இடம் உங்களுக்கும் உங்கள் கணவருக்கும், இருவருக்கும் சேர்த்து. பாட்டிக்கு அன்பின் உரிமை உண்டு, முடிவெடுப்பது நீங்கள் இருவரும். ஆனால் உங்கள் மகள் என்ன நம்ப வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை கடைசியில் உங்கள் மூவருக்குமே இல்லை, அது அவளுடையது.

கணவர் சொல்வதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அவர் வளர்ந்தபோது தாத்தா இறக்கவில்லை, விளக்கை அணைக்க அவர் பயப்படவில்லை. அவருடைய வளர்ப்பு சரியா தப்பா என்று வாதாடினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "நம்ம பொண்ணு பயப்படறா, அதுக்கு என்ன பண்ணலாம்" என்று மட்டும் பேசுங்கள். அம்மாவிடம் பேசுவதை அவரே செய்யட்டும், மகன் சொன்னால் அது அக்கறையாகக் கேட்கும், மருமகள் சொன்னால் குற்றச்சாட்டாகக் கேட்டுவிடக்கூடும்.

அந்தப் பேச்சு எப்படி ஆரம்பிக்கும் என்பதுதான் முக்கியம். பத்து மாதம் முன்பு கணவரை இழந்தவர் அவர். "தாத்தா பாத்துக்கிட்டிருக்கார்" என்பதை அவர் பேத்திக்காக மட்டும் சொல்லவில்லை, தனக்காகவும் சொல்லிக்கொள்கிறார். உங்கள் நீண்ட கடிதத்தில் அவருடைய துக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, வீட்டில் யாராவது அவரிடம் அதைப் பற்றிப் பேசினீர்களா என்றும் தெரியவில்லை. ஒருநாள் உட்கார்ந்து மாமனாரைப் பற்றி அவரைப் பேசவிடுங்கள், நீங்கள் கேளுங்கள், மகளும் பக்கத்தில் இருக்கட்டும். தாத்தா சின்ன வயதில் எப்படி இருந்தார், எதற்குச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார் என்று அவள் கேட்டு வளரட்டும், வேவு பார்க்கிற தாத்தாவைவிட அந்தத் தாத்தா அவளுக்குத் துணையாக இருப்பார். அதற்குப் பிறகு மகன், "அம்மா, அப்பா அவளை ஆசையா நினைக்கிறார்னு சொல்லுங்க, தப்பு பண்ணா பாத்துடுவார்னு மட்டும் சொல்லாதீங்க, ராத்திரி பயப்படறா" என்று கேட்டால் மறுப்பார் என்று நான் நினைக்கவில்லை.

அவரை அண்ணன் வீட்டுக்கு அனுப்புவது மட்டும் இப்போது வேண்டவே வேண்டாம். ஒரு வருடத்துக்குள் தாத்தா போய்விட்டார், அடுத்து பாட்டியும் போய்விட்டார் என்றால், அதுவும் தான் சொன்ன ஏதோ ஒன்றால் போய்விட்டார் என்று அந்தக் குழந்தைக்குத் தோன்றிவிட்டால், இப்போதுள்ள பயம் இரட்டிப்பாகும்.

தூக்கத்தைப் பொறுத்தவரை, நான் சொன்னபடி பேசிப் பார்த்து ஒரு மாதத்துக்குள் குறையவில்லை என்றாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ, நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்தாலோ, குழந்தைகள் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ நேரில் பாருங்கள். "நானும் தாத்தாகிட்டப் போகணும்" என்று சொன்னால் காத்திருக்காமல் உடனே அழைத்துப் போங்கள். பெரும்பாலும் தாத்தாவைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் அதை நேரில் பார்த்து முடிவு செய்வதுதான் சரி. அதுவரை விளக்கு எரியட்டும், அதில் ஒரு கெட்ட பழக்கமும் வந்துவிடாது.

பள்ளி மாற்றம் இந்த வருடம் வேண்டாம். ஆசிரியரிடம் பேசிவிட்டு இந்தப் பருவம் முடியும்வரை பாருங்கள், அப்போதும் தேவை என்று தோன்றினால் மகளையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.